நிமிடத்துக்கு அறுபத்திரண்டு அடி

அந்த வீட்டில் விமானம் தரையிறங்கும்போது மிக்சி ஓடக்கூடாது. இஸ்திரிப் பெட்டி சூடாகக்கூடாது. வாசல் மணி அடித்தால் யாரும் போய்த் திறக்கக்கூடாது. கூடத்தில் யாராவது தும்மினால்கூட உள்ளறையிலிருந்து "ஸ்ஸ்!" என்று ஒரு சீறல் வரும். ஆயிரம் அடி உயரத்தில் மேகத்துக்குள் போராடுகிறவரைப் போலச் சீறும் அந்த வீட்டுக்காரர், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்ட ஒரு காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பார். எதிரே மூன்று திரைகள். இடது கையில் ஜாய்ஸ்டிக், வலது கையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், தலையில் ஹெட்போன், காலில் ரப்பர் செருப்பு.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜைக்காரர். "உட்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்" என்பதுதான் தொழில். ஏழாவது நாள் அதே குரலில், "பயணிகள் இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளவும், சற்றுக் குலுக்கல் இருக்கலாம்" என்று மூடிய அறைக்குள் அறிவிப்பார். இரண்டு இடத்திலும் கேட்கிறவர்கள் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது என்பது ஒரு வசதி.

இவரைப் போன்ற நாற்பது பேர் இணையத்தில் கூடி 'நீலச்சிறகு' என்று ஒரு விமான நிறுவனம் நடத்துகிறார்கள். அதற்குச் சீருடை உண்டு, தொண்ணூறு பக்கத்தில் விதிப் புத்தகம் உண்டு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு உண்டு, தலைமை விமானி உண்டு. விமானம் ஒன்றுதான் கிடையாது. தலைமை விமானி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சட்டை தைக்கும் தையல்காரரிடம் தங்கப் பட்டை வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டையில்தான் திரையில் தோன்றுவார். அவர் பேசும்போது குறுக்கே பேசினால் விதி பதினொன்றின்படி ஒரு வாரம் தரையில் நிற்க வேண்டும். அதாவது, எப்போதும் போல வீட்டில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குத் தோளில் மூன்று பட்டை வந்துவிட்டது. நாலாவது வந்தால் கேப்டன். அதற்கு ஒரே ஒரு பரீட்சை: கடலுக்கு அந்தப் பக்கத்து விமான நிலையத்துக்குப் பதினாலு மணி நேரம் பத்து நிமிடம், இடையில் நிறுத்தாமல், நிஜ நேரத்தில் ஓட்ட வேண்டும். கடைசி ஆயிரம் அடியைக் கையால் இறக்க வேண்டும்.

அவர் மனைவிக்கு வேலை இரும்புத் தகடுக் கிடங்கில். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனை ஓட்டுகிறவள். நாற்பதடி உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு டன் தகடுச் சுருளை லாரியிலிருந்து எடுத்து மரக்கட்டை மேல் வைப்பாள். கிடங்கில் அவளுக்குப் பேர் கிரேனக்கா. சுருள் கட்டையில் உட்காரும்போது 'டங்' என்று சத்தம் வந்தால் ஓரம் மடங்கிவிடும், சரக்கு திரும்பிவிடும். ஒன்பது வருஷமாக அவள் வைத்த எந்தச் சுருளும் 'டங்' என்றதில்லை. இதற்கு அவளுக்கு யாரும் பட்டை குத்தியதில்லை. அவளும் கேட்டதில்லை.

பரீட்சை நாள் வந்தது. சனிக்கிழமை; அவர் லீவு போட்டிருந்தார். விடியற்காலை நாலு நாற்பதுக்கு விமானம் புறப்பட்டது. ஐந்தரைக்குக் கிரேனக்கா வேலைக்குப் புறப்பட்டாள். மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தபோது அறைக்கதவு சாத்தியே இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கடல் மேல."

"காலையிலயும் அதத்தான் சொன்னீங்க."

"பெரிய கடல்."

சாப்பாட்டுத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சாப்பிட்டார். திரையில் மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, ஊர் கண்ணில் தெரிகிற தூரம் வந்ததும், பதினாலு மணி நேரமாக அடக்கியதை இனிமேல் அடக்க முடியாது என்று அவர் குளியலறைக்கு ஓடினார். விமானம் தானியங்கியில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. கதவைத் தாழிட்டார். முடித்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது.

"ஏம்மா! கதவு தொறக்க மாட்டேங்குது!"

"அந்தத் தாழ்ப்பாள மாத்துங்கன்னு மூணு மாசமா கத்தறேன்."

"அத அப்புறம் பேசலாம்!"

"இருங்க, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்."

"என்ன விடு! விமானத்தப் போய்ப் பாரு! முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க!"

இருபது வருஷத் திருமணத்தில் அந்த மனுஷன் 'என்ன விடு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கிரேனக்கா போய் சீட்டில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. நாலு வருஷமாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். 'சக்கரத்த இறக்கியாச்சு, மூணு பச்சை விளக்கு' என்று அவர் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே எத்தனை துணி மடித்திருக்கிறாள்! நெம்புகோலுக்குப் பக்கத்தில் சக்கரப் படம் போட்ட பொத்தான் இருந்தது. அழுத்தினாள். மூன்று பச்சை விளக்கு எரிந்தது. இறக்கையின் பின்மடிப்பை இறக்கும் கைப்பிடியைக் கடைசிப் படிக்குத் தள்ளினாள். குளியலறையிலிருந்து அவர் என்னவோ கத்தினார். அங்கே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு எஞ்சினுக்குச் சமம், "குறை... குறை..." என்று மட்டும் கேட்டது. எதைக் குறைப்பது? போய்க் கேட்டுவிட்டு வர நேரமில்லை.

ஆயிரம் அடி. தானியங்கியை விடுவிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விமானம் அவள் கைக்கு வந்தது.

வந்ததும் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இது கனமான சாமான். கையை அசைத்தால் உடனே அசையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு அசையும். அப்படிப்பட்டதோடு அவளுக்கு ஒன்பது வருஷப் பழக்கம். தொங்குகிற சுமை ஆடினால் எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடாது, அதன் ஆட்டத்தோடு கொஞ்சம் கூடவே போய் நிறுத்த வேண்டும். போனாள். நின்றது. ஓடுபாதை விளக்குகள் இரண்டு கோடாக வந்தன. கணினி ஐம்பது, நாற்பது, முப்பது என்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. தரை மேலே வருகிற வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்கில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்வது ஒன்றுதான்: கடைசி ஒரு சாண் இருக்கும்போது இறக்குகிறதை மறந்துவிடு; வைக்கிறதை நினைத்துக்கொள்.

வைத்தாள்.

உட்கார்ந்ததா, இன்னும் மிதக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. சக்கரம் உருளும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். திரையில் ஒரு பெட்டி வந்தது: 'தரை தொட்ட வேகம்: நிமிடத்துக்கு 62 அடி.' அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பிரேக்கைப் பிடித்து விமானத்தை நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

கதவு திறந்ததும் அவர் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு அறைக்கு ஓடினார். பெட்டியைப் பார்த்தார். அந்த எண் எவ்வளவு குறைவோ இறக்கம் அவ்வளவு மென்மை. அவருடைய ஆகச் சிறந்த தரையிறக்கம் இருநூற்றுப் பத்து. தலைமை விமானியின் சாதனை தொண்ணூற்றெட்டு. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் எண்ணைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"பரவால்ல. நான் சொல்லச் சொல்ல நல்லாத்தான் செஞ்சிருக்கே."

"நீங்க என்னத்தச் சொன்னீங்க?"

"உள்ளேருந்து சொன்னேனே!"

"குறை குறைன்னு கேட்டுச்சு. ஃபேனயா, லைட்டயா, வாயயா?"

அவர் அதற்குள் பதிவுப் படிவத்தைத் திறந்து தன் பெயரைத் தட்ட ஆரம்பித்திருந்தார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே கை பெண்டாட்டியுடையது, நெய்யும் பெண்டாட்டியுடையது, ஏப்பம் மட்டும் இவருடையது.

கிரேனக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது பட்டை கொடுக்கும் விழாவில் சொல்லுவார், நாலு பேர் முன்னால் சொன்னால்தான் மரியாதை என்று நினைத்திருப்பார், பார்ப்போம் என்றிருந்தாள். நல்லெண்ணம் என்பது சில பேருக்குப் பழகிவிட்ட வியாதி.

மறுவாரம் ஞாயிறு பதினோரு மணிக்குத் திரையில் விழா. நாற்பது சின்னச் சதுரங்களில் நாற்பது வெள்ளைச் சட்டைகள். தலைமை விமானி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பார்ந்த விமானிகளே! நமது நீலச்சிறகின் ஏழாண்டு வரலாற்றில், நிமிடத்துக்கு அறுபத்திரண்டு அடி என்னும் மலரினும் மெல்லிய தரையிறக்கத்தை நிகழ்த்திய நமது கேப்டன், அந்தக் கடைசி முப்பது அடியில் தமது உள்ளத்தில் ஓடியது என்ன என்பதைப் பகிர வேண்டுகிறேன்."

கதவோரம் நின்ற கிரேனக்கா கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். சொல்லப் போகிறார்.

"அனுபவம்தான் சார்," என்றார் வீட்டுக்காரர். "காத்தோட பேசணும். காத்து நமக்குப் பதில் சொல்லும். அந்த நேரத்துல முந்நூத்திப் பன்னெண்டு குடும்பத்தோட முகம் என் கண்ணு முன்னால வந்துச்சு."

அவர் கண்ணுக்கு முன்னால் அந்த நேரத்தில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

"வீட்டில் ஒத்துழைப்பு எப்படி?" என்று ஒரு சதுரம் கேட்டது.

"நல்ல சப்போர்ட் சார். நேரா நேரத்துக்கு டீ வந்துரும்."

டீ. பதினாலு மணி நேரத்தையும் இருபது வருஷத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டார் மனுஷன். கிரேனக்கா துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு நேரே போய் அவர் பக்கத்தில் குனிந்தாள். நாற்பது சதுரங்களிலும் அவள் முகம் தெரிந்தது.

"வணக்கம் சார். அந்தப் பிளேன வச்சது நான்."

"அவ விளையாட்டுக்குச் சொல்றா சார்..."

"இவரு அப்ப பாத்ரூம்ல மாட்டிக்கிட்டிருந்தாரு. தாழ்ப்பாள் இன்னும் உடைஞ்சுதான் கெடக்கு, கொண்டாந்து காட்டட்டுமா?"

சில சதுரங்கள் சிரித்துவிட்டு அவசரமாக ஒலியை அடைத்தன. தலைமை விமானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைக்காரர், துடைக்கத் தெரியும்.

"அம்மா, இது விளையாட்டு மைதானம் அல்ல. தாங்கள்தான் இறக்கினீர்கள் என்றால், எந்த உயரத்தில் விமானத்தின் மூக்கைத் தூக்கினீர்கள்?"

"உயரம் பாத்துச் செய்யல சார். தரை மேல வர்ற வேகத்தப் பாத்துச் செஞ்சேன்."

இரண்டு மூன்று சதுரங்களில் தலைகள் ஆடி, உடனே நின்றன. அது சரியான பதில் என்று அங்கே பலருக்குத் தெரியும். விதிப் புத்தகத்தில் முப்பது அடி என்று இருப்பதால் யாரும் சொல்வதில்லை.

"தங்களிடம் உரிமம் உண்டா?"

"பன்னெண்டு டன் தூக்குற உரிமம் இருக்கு சார். அரசாங்க முத்திரையோட. உங்களுக்கு எது இருக்கு?"

தலைமை விமானியின் கை தானாகத் தோள்பட்டைக்குப் போயிற்று. பட்டைகள் இருந்தன. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று வீட்டில் ஒரு வார்த்தைச் சண்டை கிடையாது, அரை நாள் சண்டை.

"நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டியே!"

"உங்க மானத்த நான் எங்க வாங்குனேன்? என்னோடத நீங்க எடுத்து வச்சிருந்தீங்க, அதத் திருப்பி வாங்குனேன்."

"ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா?"

"ஓ, இப்ப விளையாட்டா? மிக்சி போட்டப்ப அது விளையாட்டு இல்லியே!"

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. மூன்று பக்கம். வீட்டுக்காரரின் மூன்று பட்டைக்கு ஆபத்தில்லை. கண்டிப்போடு நாலாவது நிறுத்தி வைக்கப்படுகிறது. கடைசிப் பத்தியைக் கிரேனக்கா இரண்டு தடவை படித்தாள்: 'அனுமதியற்ற நபரால் நிகழ்த்தப்பட்ட மேற்படி தரையிறக்கம் நிகழாததாகக் கருதப்பட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது.'

"நிகழாததா?" என்றாள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தன் பேரில் எழுதிக்கொண்டது திருட்டு; திருடனையாவது கண்ணால் பார்க்கலாம். நடந்ததை நடக்கவே இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? கிடங்கில் ஒரு மேலதிகாரி, வைத்த சுருளைக் காட்டி 'இது இங்கே இல்லை' என்று சொன்னால் அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். இங்கே அனுப்ப ஆளில்லை. எல்லாரும் அதே வார்டு.

மறுநாள் மத்தியானம், கீழே நின்று அவளுக்குக் கைச்சைகை காட்டுகிற அண்ணனிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ வைக்கலன்னா, அது எங்க இருக்காம்?"

"தெரியலண்ணே. அதத்தான் நானும் கேக்கறேன்."

பதில் ஞாயிற்றுக்கிழமை தானாக வந்தது. வீட்டுக்காரர் ஆசை அடங்காமல் ஒரு நாற்பது நிமிடக் குட்டிப் பயணமாவது போய் வரலாம் என்று கணினியைத் திறந்தார். திரையில் சிவப்புப் பெட்டி: 'தாங்கள் தற்போது பறப்பில் உள்ளீர்கள். புதிய பயணம் தொடங்க இயலாது. பறப்பு நேரம்: 15 நாள் 4 மணி. எரிபொருள்: 0. பயணிகள்: 312.'

இறங்கியதைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். புறப்பட்டதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அவர் தலைமை விமானியைத் திரையில் அழைத்தார். தலைமை விமானி ஞாயிற்றுக்கிழமைப் பனியனில் இருந்தார். பார்த்ததும் பாய்ந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். புறப்பாட்டையும் அழித்துவிடலாம் என்றார். தட்டிப் பார்த்தார். பறப்பிலுள்ள விமானத்தின் புறப்பாட்டை அழிக்க இயலாது என்று வந்தது. அந்தக் கணினி நிரலை எழுதிக்கொடுத்த ஆள் போன வருஷமே பட்டையும் வேண்டாம் பதவியும் வேண்டாம் என்று விலகிப் போய்விட்டார். அதோடு இன்னொன்றும் தெரிந்தது: நீலச்சிறகிடம் பெரிய விமானம் மொத்தம் ஒன்றுதான் பதிவில் இருக்கிறது. அது வானத்தில் இருக்கும்வரை நாற்பது பேரில் ஒருவரும் கடல் தாண்ட முடியாது. தலைமை விமானி உள்பட.

"தரையிறக்கத்தை மறுபடி பதிந்தால் சரியாகிவிடும்," என்றார் தலைமை விமானி, சுரம் இறங்கி. "உங்க பேர்லயே போட்டுரட்டுமா?"

வீட்டுக்காரரின் வாய் 'சரி' சொல்லத் திறந்தது. ஒரே ஒரு நொடிதான். கிரேனக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"போடுங்களேன்," என்றாள். "போன தடவ டீதான். இந்தத் தடவ என்ன குடுத்தேன்னு சொல்லுவீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல சார். நான் இறக்கல. அவதான்."

"சத்தமா."

"அவதான் சார் இறக்கினா. நான் சொல்லிக் குடுக்கல. சொன்னது கேட்டிருக்கவும் கேக்காது."

கிரேனக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். தலைமை விமானி படிவத்தைத் திறந்தார். தரையிறக்கியவர் பெயர் என்றது. தட்டினார். பதவி என்றது.

"பயிற்சி நிலைன்னு போடறேன் அம்மா."

போட்டார். அந்த விமானத்தை இறக்கியவரைக் கேப்டன் என்றுதான் பதிய முடியும் என்று நிரல் திருப்பியடித்தது. அந்த விதியை எழுதியவர் அவரேதான்.

"முறைப்படி பார்த்தா, அறுநூறு மணி நேரம் பறந்தவங்களுக்குத்தான்..."

"சார், முந்நூத்திப் பன்னெண்டு பேர் எண்ணெய் இல்லாம மேல நிக்கிறாங்க. உங்க முறைய அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் பல் பிடுங்குவதுபோல வந்தது. ஒரே பயணத்தில் இரண்டு கேப்டன் இருக்க முடியாதாம். வீட்டுக்காரரை என்னவென்று போடுவது என்று கேட்டார். துணை விமானி, பயணி, இரண்டுதான் மிச்சம்.

"பயணின்னு போடுங்க," என்றார் வீட்டுக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"துணை விமானின்னு போடுங்க சார்," என்றாள் கிரேனக்கா. "பதினாலு மணி நேரம் இவருதான் கொண்டாந்தாரு. அடுத்தவங்க செஞ்ச வேலைய எடுத்துக்கற பழக்கம் எனக்குக் கெடையாது."

தலைமை விமானி அதையும் தட்டிவிட்டுப் பதிவுப் பொத்தானுக்குப் போனார்.

"அழுத்திட்டீங்களா?"

"அழுத்திட்டேன்."

"எங்க, படிங்க."

தலைமை விமானி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். கேப்டன் என்ற சொல்லில் ஆரம்பித்து, அவள் பெயரை முதலெழுத்தோடு முழுதாகச் சொல்லி, நிமிடத்துக்கு அறுபத்திரண்டு அடி என்று முடித்தார்.

"இன்னொரு தடவ படிங்க சார்," என்றாள். "பக்கத்துல ஒருத்தருக்குக் காது கொஞ்சம் மந்தம்."